வந்தவர் கணக்கும் போனவர் கணக்கும்

(நாக்பூரில் நடந்த நம் சங்கக் குடும்ப சந்திப்பில், சொந்தத் தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு வாரம் முன்பு நம் காரியதரிசி போன் செய்தார். "சொந்தமாகத் தொழில் ஆரம்பித்துவிட்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், ‘நமக்கு இது வருமா’ என்று குழம்பிப்போய் இருக்கிற பசங்கள் நம் சங்கத்திலேயே ஏழெட்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் 37 வருஷம் மத்திய சர்க்காரின் சிறுதொழில் துறையில் இருந்தவர். அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த 37 வருஷ அனுபவத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த பத்து வருஷத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஏனென்றால் உத்தியோகத்தில் இருந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். சொந்தத் தொழில் ஆரம்பித்த பிறகுதான் ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது.

நான் 1970-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவன். 1973-ல் சர்க்கார் உத்தியோகம். கான்பூர், இந்தூர், கடைசியில் நாக்பூர். வேலை என்ன என்றால், சிறுதொழில் செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது. புராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்துக் கொடுப்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்று சொல்வது, பாங்கில் கடன் கிடைக்க வழி காட்டுவது, நொடித்துப்போன யூனிட்டுகளைப் போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதுவது. மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கத் தவிப்பவனுக்கு தைரியம் சொல்வது. அதில் உள்ள வேடிக்கை அப்போது எனக்குப் புரியவில்லை.

2010-ல் ரிடையர் ஆனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. என் மனைவி ரொம்ப வருஷமாகவே அக்கம்பக்கத்தில் பத்து வீடுகளுக்குக் காபிப்பொடி வறுத்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையே தொழிலாகச் செய்யலாம் என்று 2011-ல் ஆரம்பித்தோம். கிராஜுவிட்டியிலிருந்து ஐந்து லட்சம் எடுத்து, ஒரு சின்ன ரோஸ்டர், ஒரு அரவை மெஷின், சீல் போடும் கருவி வாங்கினோம். வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை போட்டோம். வேலைக்கு உள்ளூர்ப் பெண்மணிகள் இரண்டு பேர். மாவட்டத் தொழில் மையத்தில் பதிவும், புதிதாக அமலுக்கு வந்திருந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் முறைப்படி செய்துகொண்டேன். காகித வேலை நமக்குக் கைவந்த கலையாயிற்றே!

சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "நம்மவாளுக்கு வியாபாரம் வராது ஓய். பென்ஷனை வாங்கிண்டு கோவில் குளம்னு இருக்காம, எதுக்கு இந்த வம்பு?" இங்கே இருக்கும் இளைஞர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கியபோதும், 1928-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தொடங்கியபோதும் இதே பாட்டை யாராவது பாடித்தான் இருப்பார்கள். வியாபாரம் ஜாதியில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆனால் ஒன்று. தொழில் நன்றாக நடக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழாது. கொஞ்சம் தடுமாறினால் போதும், அதே வார்த்தை நம் குரலிலேயே உள்ளேயிருந்து கேட்க ஆரம்பித்துவிடும். எனக்கு அது 2013-ல் கேட்டது.

அந்த வருஷ நிலவரத்தைச் சொல்கிறேன். மாதம் 200 கிலோ காபிப்பொடி போய்க்கொண்டிருந்தது. அதில் 140 கிலோ வீடுகளுக்கு. சுமார் 140 குடும்பம், வீட்டுக்கு ஒரு கிலோ. மீதி 60 கிலோ ஒரு கேண்டீன் காண்ட்ராக்டருக்கு. ஒரு வருஷமாக இந்த 200 கிலோ 205 ஆகவும் இல்லை, 195 ஆகவும் இல்லை. நானும் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். சாம்பார் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று 22 அயிட்டம் ஆக்கினேன். சங்கத்து விழாக்களில் ஸ்டால் போட்டேன். நோட்டீஸ் அடித்து தினசரிப் பேப்பரில் வைத்து அனுப்பினேன். புதிதாக ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அதே 200.

ராத்திரி தூக்கம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, ‘63 வயசில் உனக்கு எதற்கு இந்த ஆசை? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினாயே, இப்போது பார்’ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பகலில் யாராவது "பிசினஸ் எப்படி?" என்று கேட்டால், "ஃபஸ்ட் கிளாஸ்" என்பேன். அந்தப் பொய்தான் ரொம்ப பாரமாக இருந்தது. போகப்போக, கேள்விக்குப் பயந்து சங்கத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன். அந்த வருஷம் ராமநவமி பஜனைக்குக்கூட ஏதோ சாக்குச் சொல்லி வரவில்லை.

ஒரு நாள் என் மனைவிதான் சொன்னாள். "ஏன்னா, எத்தனை பேர் ஃபேக்டரிக்குப் போய், தேறும் தேறாதுன்னு எழுதிக் கொடுத்திருப்பேள். நம்மாத்து ஃபேக்டரிக்கு ஒரு ரிப்போர்ட் எழுதப்படாதோ?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ரிப்போர்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார்.

இங்கே வயதானவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஸ்பிரிங் மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஹிங்கணா தொழிற்பேட்டையில் மெஷின்களுக்கான ஸ்பிரிங் செய்யும் சின்ன யூனிட் வைத்திருந்தார். ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் அவர் உபயம்தான். 90-களில் அவரிடம் வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டது. பாங்கில் கடன் ஏறிப்போயிற்று. 1996-ல் அந்த யூனிட்டுக்குப் புனர்வாழ்வுக் கடன் கொடுக்கலாமா என்று பார்த்து அபிப்பிராயம் எழுதும் வேலை என் மேஜைக்கு வந்தது. கணக்கைப் பார்த்தேன். ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பி நடந்த யூனிட், அந்த வாடிக்கைக்காரர் போய்விட்டார், இனித் தேறாது என்று எழுதினேன். யூனிட் மூடப்பட்டது.

நான் எழுதியது தப்பு இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ராமநவமிக்கு இல்லை, நவராத்திரிக்கு இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் இல்லை. நாங்களும் ஒரு வருஷம் "எங்கே காணோம்" என்று கேட்டோம். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டோம். எனக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர்தான். 17 வருஷத்தில் ஒரு தடவை நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

2013 அக்டோபரில் போனேன். அரைக் கிலோ காபிப்பொடி எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு அப்போது எண்பது வயது. மகள் வீட்டில் முன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. "மாமா, அந்த ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டார்.

"ஓய், அந்த ரிப்போர்ட்டை நானும் படிச்சேன். சரியாத்தான் எழுதியிருந்தீர். எனக்கு அதிலே ஒரு வருத்தமும் இல்லே. ஆனா அன்னிக்குச் சாயங்காலம் ஆத்துக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாமே. ஃபேக்டரிதானே தேறாதுன்னு எழுதினீர்? நான் தேறமாட்டேன்னு எழுதலியே. ஆனா யாரும் வராததாலே, நானும் அப்படித்தான்னு நெனச்சுண்டுட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? நமஸ்காரம் பண்ணினேன். காபி வந்தது. குடித்துவிட்டு, "பொடி பரவாயில்லை. ஆனா வாசனை அரை மார்க் குறையறது. அரைச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்றார். "பன்னிரண்டு நாள்" என்றேன். பிறகு என் கதையை எல்லாம் கேட்டார். 22 அயிட்டம், நோட்டீஸ், ஸ்டால், நகராத 200 கிலோ எல்லாவற்றையும் சொன்னேன். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"வந்தவா கணக்கு நன்னா எழுதியிருக்கீர். போனவா கணக்கு எங்கே?"

நான் முழித்தேன். போனவர்கள் கணக்கு என்னிடம் இல்லவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் கெமிஸ்ட்ரி படித்தவன்! இங்கே சயன்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், டைனமிக் ஈக்விலிப்ரியம் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு பக்கமும் ரியாக்‌ஷன் மும்முரமாக நடந்துகொண்டே இருக்கும். முன்னால் போகிற வேகமும் பின்னால் வருகிற வேகமும் சமமாக இருப்பதால் அசையாத மாதிரி தெரியும். என் வியாபாரமும் அதேதான். நான் தேங்கி நிற்கவில்லை. ஒரு குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, அடியில் ஓட்டை வழியாக அதே அளவு போய்க்கொண்டிருக்கிறது. நானோ மேலே இருக்கும் குழாயையே திருகிக்கொண்டிருந்தேன்.

பழைய டெலிவரிச் சீட்டுகளை எடுத்து மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு வருஷத்தில் புதிதாக வந்த குடும்பம் 46. நின்றுபோனவர்கள் 44. அந்த 44 வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். நம்புங்கள், அந்த முதல் போனைச் செய்ய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. டெலிபோனை எடுப்பேன், வைத்துவிடுவேன். "உங்கள் பொடி நன்றாக இல்லை" என்று சொல்லிவிட்டால்? என் சந்தேகத்துக்கு ஸர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். கடைசியில் என் மனைவிதான் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

பதில்கள் இப்படி வந்தன. 17 குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மாற்றல் ஆனவர்கள் சிலர், புனேக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளோடு போய்விட்டவர்கள் சிலர். நாலு வீட்டில் டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார். மீதி 23 வீடுகள்தான் எங்களால் போனவை. அதில் 15 பேர், மழைக்காலத்தில் பாக்கெட் பாதி தீருவதற்குள் வாசனை போய்விடுகிறது என்றார்கள். எட்டு பேர், சொன்ன நாளில் பொடி வருவதில்லை என்றார்கள். ஒருவர்கூட "உமக்கு வியாபாரம் தெரியாது" என்று சொல்லவில்லை. இத்தனை மாதமாக அதைச் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

இதைத்தான் இளைஞர்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘நான் இதற்கு லாயக்கா?’ என்பது ஒரு கேள்வி. ‘அந்த 44 பேர் ஏன் போனார்கள்?’ என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு எந்த நோட்டுப் புத்தகத்திலும் பதில் கிடையாது. விடிய விடியக் கேட்டாலும் பதில் வராது. இரண்டாவதற்கு மூன்று நாளில் பதில் கிடைக்கும். சந்தேகம் வருவது தப்பில்லை. அது வந்தால், பதில் உள்ள கேள்வியாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரஷர் குக்கர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டி.டி.கே. குழுமம் நெருக்கடியில் இருந்த 70-களில் பொறுப்பேற்ற டி.டி.ஜகந்நாதன், வடக்கே குக்கர்கள் வெடிக்கின்றன என்ற புகார் வந்தபோது கடைத்தெருவுக்கே போய்ப் பார்த்தார். கம்பெனியின் பாகத்துக்குப் பதில் ஜனங்கள் போலி சேஃப்டி வால்வுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வால்வு போலியாக இருந்தாலும் ஆபத்து வராமல், அழுத்தம் மீறினால் காஸ்கெட் வழியாக நீராவி வெளியேறும்படி மூடியை மாற்றி அமைத்தார். ஆபீஸில் உட்கார்ந்து ‘நம் குக்கர் சரியில்லையோ’ என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, எங்கள் ஓட்டையை எப்படி அடைத்தோம்? அரைத்த காபிக்குப் பரப்பு அதிகம். காற்றும் ஈரமும் எளிதில் தாக்கும். வறுத்த கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு அரைத்ததும் வெளியேறும், அதோடு சேர்ந்து வாசனையும் போகும். இது நான் படித்த பாடம். ஆனாலும் வேலை மிச்சம் என்று 15 நாளைக்கு ஒரு தடவை மொத்தமாக அரைத்துக்கொண்டிருந்தேன். ஏன்? மீதி நாளெல்லாம் அந்த 22 அயிட்டத்துக்குப் போய்விட்டது! விற்பனையில் பெரும்பங்கு காபிப்பொடியும் இன்னும் ஐந்து பொடிகளும்தான். மற்ற 16-ஐயும் நிறுத்தினோம். அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. புளிக்காய்ச்சல் என் மனைவியின் ஸ்பெஷாலிட்டி. வாரம் இரண்டு தடவை அரைத்தோம். அரைக் கிலோ பாக்கெட்டை விட்டு 200 கிராம் பாக்கெட்டுக்கு மாறினோம். வறுத்த தேதியைப் பாக்கெட்டில் அச்சடித்தோம். செவ்வாயும் வெள்ளியும் டெலிவரி, இடி இடித்தாலும் மழை பெய்தாலும். புனேக்கும் பெங்களூருக்கும் போன குடும்பங்களில் ஒன்பது பேர், "கூரியரில் அனுப்புவேளா?" என்று அவர்களாகவே கேட்டார்கள். நாங்கள் போன் செய்திருக்காவிட்டால் அது தெரிந்திருக்குமா?

மழை என்றதும் லிஜ்ஜத் அப்பளம் ஞாபகம் வருகிறது. 1959-ல் மும்பை கிர்காவில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி ஆரம்பித்தது. முதல் வருஷம் மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நாலு மாதம் தொழிலையே நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் என்ன செய்தார்கள்? ஒரு கட்டில் வாங்கினார்கள், ஒரு ஸ்டவ் வாங்கினார்கள். கட்டில் மேலே அப்பளம், அடியில் ஸ்டவ். அவ்வளவுதான். ‘நம்மால் முடியுமா’ என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் தீர்த்துக்கொண்டது ‘அப்பளம் எப்படிக் காயும்’ என்ற கேள்வியை.

இனி இரண்டாவது ஓட்டை. இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம்தான். அந்த கேண்டீன் காண்ட்ராக்டர் ஆறு மாதமாகப் பணம் தரவில்லை. மாதம் 60 கிலோ, கிலோ 400 ரூபாய், மாதம் 24,000. ஆறு மாதத்தில் 1,44,000. "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்றார். நிறுத்தினால் பெரிய வாடிக்கை போய்விடுமே என்று நானும் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஸ்பிரிங் மாமாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிலோவுக்கு அடக்கச் செலவு 270. மிஞ்சுவது 130. கூலி, கரண்ட், ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 20,000. ஆக 200 கிலோவுக்கு 26,000 வந்து 20,000 போக, காகிதத்தில் 6,000 லாபம். ஆனால் கையில்? வீடுகளிலிருந்து வரவு 56,000. செலவு, சரக்குக்கு 54,000, மற்றதுக்கு 20,000, மொத்தம் 74,000. மாதம் 18,000 பென்ஷனிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கேண்டீனை நிறுத்திவிட்டால்? வரவு அதே 56,000. செலவு 57,800. குறைவது 1,800 மட்டும். "பெரிய வாடிக்கைன்னு நீர் சொல்றது, மாசம் 16,200 ரூபாய் சரக்கை தானம் பண்றதுன்னா?" என்றார் மாமா. ஒரே வாடிக்கைக்காரரை நம்பாதே என்று 1996-ல் அவரைப் பற்றி எழுதியவன் நான். அதை எனக்குத் திருப்பிச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே சப்ளையை நிறுத்தினேன். பணத்துக்கு என்ன வழி? சட்டம் எனக்கு மனப்பாடம். 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் பாங்க் அறிவிக்கும் பாங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் மாநிலத்தில் உள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சிலிடம் மனுப் போடலாம். இதை எத்தனையோ கருத்தரங்கில் நான் பேசியிருக்கிறேன். ஆனால் என் சொந்தப் பணத்துக்கு ஒரு கடிதம் எழுதக் கை வரவில்லை. கடன் கேட்கப் போகிறவன் மாதிரி ஒரு கூச்சம். நம் பணத்தை நாம் கேட்பதில் என்ன கூச்சம்? ஆனாலும் இருந்தது. உங்களுக்கும் இருக்கும். நம் வளர்ப்பு அப்படி.

சட்டத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. பதில் இல்லை. கவுன்சிலுக்கு மனுப் போட்டேன். நோட்டீஸ் போனதும் அந்த மனிதரே வீட்டுக்கு வந்தார். நாலு தவணையில் அசலைத் தந்தார். வட்டியை விட்டுக்கொடுத்தேன். அது சரியா தவறா என்று என் மனைவியும் நானும் இன்றுவரை விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

இளைஞர்களுக்கு இங்கே சில விஷயம். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், அதற்கென்று யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். சரக்கு அனுப்ப ஆரம்பிப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். தகராறு வந்த பிறகு செய்தால், உனக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதம் செய்யும். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரைக் கோடிக்கும், ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மேற்படாவிட்டால் குறுந்தொழில்தான். ஆகவே உங்களில் அநேகமாக எல்லோருக்கும் இது உண்டு. வாங்கினவர் இன்ன தேதிக்குள் பணம் தருவார் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். தாமதப் புகாரை இணையத்திலேயே பதிவு செய்ய 2017-ல் ‘சமாதான்’ என்ற வசதி வந்தது. குறுந்தொழில், சிறுதொழில் சப்ளையர்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருஷத்தில்தான் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2023-ல் வருமானவரிச் சட்டத்திலும் மாற்றம் வந்துவிட்டது. இதை மரியாதையாக ஞாபகப்படுத்தினாலே பல பேர் செக்கை எடுத்துவிடுகிறார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பெரிய வெற்றிக் கதை ஒன்றும் இல்லை. கர்சன்பாய் படேல் என்னைப்போல கெமிஸ்ட்ரி படித்து, குஜராத் சர்க்கார் லேபில் வேலை பார்த்துக்கொண்டே, 1969-ல் சைக்கிளில் சோப்புப் பவுடர் விற்று நிர்மாவை உண்டாக்கினார். நான் அப்படி ஒன்றும் உண்டாக்கவில்லை. 2014 கடைசியில் மாதம் 210 கிலோ வந்தது. முன்னைவிடப் பத்துக் கிலோதான் அதிகம். ஆனால் அத்தனையும் வீடுகள், அத்தனைக்கும் பணம் வந்தது, எனக்கும் தூக்கம் வந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து கேண்டீன்கள் எல்லாம் மூடியபோது, கேண்டீனை நம்பியிருந்தால் நாங்களும் மூடியிருப்போம். வீட்டிலேயே இருந்த ஜனங்கள் காபி அதிகமாகவே குடித்தார்கள்!

2021-ல் எனக்கு 71 வயது. மெஷின்களையும் வாடிக்கைப் புத்தகத்தையும், முதல் நாளிலிருந்து எங்களோடு இருந்த அந்த இரண்டு பெண்மணிகளிடமே ஒப்படைத்துவிட்டோம். மராத்திக்காரர்கள். டிகிரி காபியின் வாசனையை நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள். பதிவு அவர்கள் பெயரில். கணக்கு மட்டும் மாதம் ஒரு நாள் நான் பார்க்கிறேன். போனவர்கள் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாத் தொழிலும் தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பதில் உள்ள கேள்விகளை எல்லாம் கேட்டுப் பார்த்து, கணக்கு ஒத்து வராவிட்டால் மூடிவிடுவது கெட்டிக்காரத்தனம். வீட்டையும் மனைவி நகையையும் வைத்துத் தேறாத யூனிட்டை இழுத்துக்கொண்டு போவது வீரம் இல்லை. ஆனால் ஃபேக்டரியை மூடலாம், மனுஷனை மூடக்கூடாது. ஸ்பிரிங் மாமா 17 வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்தது யூனிட் போனதால் இல்லை. நாம் யாரும் போகாததால்.

கிஷ்கிந்தா காண்டத்தின் முடிவில், கடலைத் தாண்டுவது யார் என்று வானரங்கள் எல்லாம் திகைத்து நிற்கின்றன. ஆஞ்சநேயர் ஒரு ஓரமாக மௌனமாக உட்கார்ந்திருக்கிறார். தன் பலம் தனக்கே தெரியவில்லை. ஜாம்பவான் போய் அதை எடுத்துச் சொல்கிறார். ஜாம்பவானால் அந்த வயசில் தாண்ட முடியாது. அவர் செய்ததெல்லாம், ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடம் எழுந்து போய்ப் பேசியதுதான். எனக்கு அப்படி ஒரு ஜாம்பவான் கிடைத்தார். நான் அவருக்கு அப்படி இருக்கத் தவறினவன்.

2014 ராமநவமிக்கு அவரை என் ஸ்கூட்டரில் உட்காரவைத்து இங்கே அழைத்து வந்தேன். இதே ஹாலில், அதோ அந்தத் தூண் பக்கத்தில் உட்கார்ந்தார். பானகத்தைக் குடித்துப் பார்த்து, "சுக்கு போறாது" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து பானகம் மறுபடி அவர் மேற்பார்வைக்கு வந்தது. எங்கள் அரவை மெஷினில் ஒரு ஸ்பிரிங் தேய்ந்துபோனபோது, எண்பத்திரண்டு வயசில் கம்பியை வளைத்து அவரே செய்து போட்டார். 2019-ல் ஆசார்யன் திருவடி அடைந்தார். அந்த ஸ்பிரிங் இன்னும் வேலை செய்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. தொழில் செய்யும் பசங்களுக்கு: மனசு குழம்பினால் நோட்டை எடுங்கள், போனவர்களுக்குப் போன் செய்யுங்கள், வர வேண்டிய பணத்தைக் கேளுங்கள். யாராவது "பிசினஸ் எப்படி?" என்று கேட்டால், ஒருத்தரிடமாவது நிஜத்தைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் காரியதரிசிக்கும்: நம் சங்கத்தில் வருஷாவருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயரை வாசித்துக் கைதட்டுகிறோம். நல்ல விஷயம். இந்த வருஷத்திலிருந்து, வருவதை நிறுத்தியவர்கள் பட்டியல் ஒன்றும் எடுங்கள். அதை மேடையில் வாசிக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு பெயரைப் பிரித்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காபிப்பொடி வேண்டுமானால் நான் தருகிறேன், போன வாரம் அரைத்தது இல்லை, நேற்று அரைத்தது.